சிவப்பு நம்பர் மேசை

சாப்பாட்டுக்காகக் காத்திருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நான் எழுதிய விமர்சனத்தைப் படித்தவர்கள் எல்லாரும் என்னைப் பொறுமை கெட்டவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த விடுமுறை முழுக்க, கோல்ட் கோஸ்ட் தீம் பார்க்கில், ஒவ்வொரு ராட்டினத்துக்கும் கொளுத்துகிற வெயிலில் வரிசையில் நின்றவன் நான். ஒரு வார்த்தை முனகவில்லை. என் மனைவி கெரின்கூட ஆச்சரியப்பட்டாள். பூங்காவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டுச் சீட்டே வாங்கினோம்.

குறையெல்லாம் கடைசி நாள் சாயங்காலம் சாப்பிடப் போன, கடற்கரையோரச் சர்ஃப் கிளப்பைப் பற்றித்தான். வாசலில் பெயர் பதிந்து விருந்தினர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். உறுப்பினர்கள் எங்களைத் தாண்டி, தலையை மட்டும் ஆட்டிவிட்டு நுழைந்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஒரு கவனிப்பு, டூவூம்பாவிலிருந்து வந்தவனுக்கு வேறொரு கவனிப்பு என்று அப்போதே எனக்குப் பட்டது. நான் கொஞ்சம் சந்தேகப்படுகிற ஆள்தான், மறைக்கவில்லை. என் வேலை அப்படி. ஒரு ஹார்டுவேர் கடையில், வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிற கவுன்ட்டர் என் பொறுப்பு. தாங்களே உடைத்துவிட்டு, பெட்டியைப் பிரிக்கும்போதே உடைந்திருந்தது என்று சாதிப்பவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சாப்பாடு சொல்லும் இடத்தில் மெலே நின்றாள். டோங்காவிலிருந்து வந்த பெண், வாட்டசாட்டமான உடம்பு, காதோரம் ஒரு பூ. என் மகள் வின்னிக்கு எந்தக் கொட்டையும் ஆகாது. முந்திரி, பாதாம் எது பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கான ஊசியை எப்போதும் கையோடு வைத்திருப்போம். இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொல்ல, மெலே எதையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளவில்லை. திரையில் எதையோ தட்டினாள். சாப்பாடு எந்த மேசைக்கு என்று காட்ட, கம்பியில் செருகிய சிவப்பு நம்பர் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"மத்தவங்களுக்கு வெள்ளை, அலர்ஜி உள்ளவங்களுக்குச் சிவப்பு. மேசையில அப்படியே இருக்கட்டும் மேட், நகத்திராதீங்க."

மேட். நண்பா என்கிற அர்த்தத்தில் நம் ஆஸ்திரேலியாவில் பிரதமரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு நக்கல் இருந்தது. கெரினுக்கு அது காதில் விழவில்லையாம்.

எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். எங்கள் மேசை காலியாகவே இருந்தது. மெலே சமையலறை ஜன்னலில் சாய்ந்து உள்ளே இருப்பவனிடம் ஏதோ சொன்னாள். இருவரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா. எழுந்து போய்க் கேட்டேன். பாப்பாவின் சாப்பாட்டைத் தனிச் சட்டியில் மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள், அதுவரை சிப்ஸ் கொறிக்கிறீர்களா, காசு வேண்டாம் என்றாள். காசு வேண்டாம் என்றதும் என் சந்தேகம் உறுதியானது. தப்பு செய்யாதவர்கள் இலவசமாக எதையும் தருவதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் எழுதினேன். எனக்கு எழுத வரும். வெளியூர்க்காரர்களை அந்தக் கிளப் மதிப்பதில்லை, பணிப்பெண்ணுக்குச் சிரிக்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று எழுதினேன். அலர்ஜி உள்ள ஒரு குழந்தையின் உயிர் அவர்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டது, என்றைக்காவது ஒருநாள் அங்கே விபரீதம் நடக்கும் என்றும் எழுதினேன். கெரின் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு டேரில். விட்டுத் தொலையேன்."

விடுகிற விஷயமா இது. அந்தக் கிளப்பும் விடவில்லை. அடுத்த நாளே எல்லாரும் பார்க்கும்படி பதில் போட்டார்கள். மிகவும் மரியாதையான பதில். தாமதத்துக்கு வருந்துவதாகவும், காரணம் தெரிந்துகொள்ள கேமராவைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார்கள். மெலே கொடுத்த சிவப்பு நம்பரை நான் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, அங்கிருந்த வெள்ளை நம்பரை எடுத்துக்கொண்டது அதில் தெரிகிறதாம். அதனால் வின்னியின் சாப்பாடு அந்த மேசைக்குப் போய்விட்டதாம். வேறொருவர் கை பட்டதால், குழந்தையின் பாதுகாப்புக்காக அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தார்களாம். அடுத்த முறை வரும்போது நம்பரை மட்டும் மாற்றாமல் இருந்தால் மகிழ்ச்சி என்று முடித்திருந்தார்கள்.

மாற்றியது உண்மைதான். சிவப்பு நம்பரை வைத்ததும் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளையை நோயாளி மாதிரி முத்திரை குத்தி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் கடலைப் படம் எடுக்க வெளியே போயிருந்தார்கள். கெரின் பாரில் குடிக்க வாங்கிக்கொண்டிருந்தாள். வின்னி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணடித்தேன். அவளும் இரண்டு கண்ணையும் மூடித் திறந்தாள், அவளுக்கு ஒற்றைக் கண்ணைச் சிமிட்ட வராது. எங்கள் இருவருக்கும் இடையில் இப்படிச் சின்னச் சின்ன ரகசியங்கள் உண்டு. இதில் என்ன குற்றம் இருக்கிறது. நல்ல பணியாள் என்றால் நம்பரையா பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாளா.

அந்தப் பதிலுக்குக் கீழே ஊரே கூடிக் கும்மியடித்தது. யார் யாரோ சிரித்துவைத்தார்கள். வேலைக்குப் போனால், சாப்பாட்டு அறையில் நான் உட்காரும் இடத்தில் சிவப்புச் சாயம் பூசிய நம்பர் ஒன்றைக் கம்பியில் நட்டுவைத்திருந்தார்கள். "டேரில், உன் சாப்பாடு வருதுடா, நம்பரைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று பெயின்ட் பிரிவில் இருக்கும் பயல் கத்தினான். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வாடிக்கையாளர்கள்கூட என்னைப் பார்த்து உதட்டைக் கடிப்பதாகத் தோன்றியது. உடைந்த டிரில்லோடு வந்த ஒருவனிடம் இதை நீதானே உடைத்தாய் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வின்னிக்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நீ பொய் சொல்லிட்டேன்னு சொல்றாங்க."

"நான் பொய் சொல்லலடா. அவங்கதான் மன்னிப்புக் கேக்கணும். கேப்பாங்க பாரு."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இதற்கு மேல் நடந்ததை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். நான் எழுதியது அன்றைக்கு நடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்திருக்கலாம். அந்த அலட்சியத்துக்கு என்றைக்காவது நடக்கத்தான் போகிறது. எந்தக் குழந்தைக்கோ, ஊசி வைத்திருக்காத எந்தப் பெற்றோருக்கோ நடப்பதைவிட, என் கண்ணெதிரில், என் பையில் ஊசி தயாராக இருக்கும்போது நடப்பது நல்லதில்லையா. எத்தனை குழந்தைகள் தப்பிக்கும். இப்படி யோசித்ததும் எனக்கு மனசு லேசானது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆண்டுச் சீட்டு சும்மா கிடக்கிறதே என்று நான்தான் பேச்சை எடுத்தேன். கெரின் சந்தோஷப்பட்டாள். அந்தக் கிளப்புக்கே மறுபடி போகலாம், பழசை மறந்து சமாதானமாகிவிடலாம் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பகலெல்லாம் பூங்காவில் வின்னியோடு தண்ணீர்ச் சறுக்கில் ஏறினேன். நல்ல நாள் அது.

கிளப்பில் மெலே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பழையபடி சிவப்பு நம்பரைத் தந்து, "இன்னைக்கு நாம ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க, சரியா மேட்" என்றாள். கெரின் சிரித்தாள். நானும் சிரித்தேன். நம்பரை மேசையின் நடுவில், கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தேன். வின்னிக்குச் சீஸ் போட்ட பாஸ்தாவை மெலே தன் கையாலேயே கொண்டுவந்து வைத்து, தனிச் சட்டியில் செய்தது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கெரின் குடிக்க வாங்கப் பாருக்குப் போனாள். நான் பொடித்த முந்திரியைச் சட்டைப் பையில் ஒரு காகித மடிப்பில் வைத்திருந்தேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி, சீஸ் தூவுகிற மாதிரி தூவிக் கிளறிவிட்டேன். சீஸுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வின்னி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கரண்டியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடுடா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

என் கணக்கு ஒரே ஒரு கரண்டிதான். வின்னி சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ரகம். உதடு லேசாக வீங்கியதும் ஊசியைப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். சின்ன வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் அப்படித்தான் ஆனது, சாயங்காலமே எழுந்து ஓடி விளையாடினாள். ஆனால் அன்றைக்கு அவள் வேக வேகமாகச் சாப்பிட்டாள். நிமிரவே இல்லை. போதும் என்று நான் தட்டை இழுப்பதற்குள் பாதிக்கு மேல் காலி. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நிஜமான பயம், நீங்கள் நம்ப வேண்டும்.

ஊசி போட்டேன். அது போதவில்லை. அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, கெரின் தரையில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து கிளப்பின் ஊசியை எடுத்துக்கொண்டு மெலேதான் ஓடிவந்தாள். முட்டி போட்டு, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வின்னியின் தொடையில் குத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை வின்னியின் நெஞ்சை விட்டுக் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு மெலேயின் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சமையலறையை மூடிச் சோதனை போட்டார்கள். மெலேயை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். என் விமர்சனத்துக்குக் கீழே சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, நீ அன்றைக்கே சொன்னாயே என்று எழுதினார்கள். பெயின்ட் பிரிவுப் பயல் தொலைபேசியில் அழுதான். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்து அதையெல்லாம் படித்தேன். ஆறுதலாக இருந்தது.

மெலே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காதோரம் பூ இல்லை. கெரின் அவள் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டாள், நான்தான் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"சமையல் மேடையைத் துடைச்சேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். துடைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா துடைச்சிருந்தா எப்படி இப்படி ஆகும்? நான்தான் எங்கயோ விட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். தப்பு எல்லாருக்கும் வரும், இனிமேல் கவனமாக இரு என்றேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் மன்னிப்பு மன்னிப்புதான்.

என் மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். நேற்றுக் காலையில் வின்னி கண் விழித்தாள். வாயில் செருகியிருந்த குழாயை எடுத்திருந்தார்கள், தொண்டை கரகரத்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சாப்பிட்டது போதுமாப்பா? அவங்க மன்னிப்புக் கேட்டாங்களா?"

கெரின் இரண்டு காப்பியோடு வாசலில் நின்றிருந்தாள். கோப்பைகளை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். போலீஸை, அதாவது உங்களைக் கூப்பிடத்தான் போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுட்டாங்கடா என்றேன். மெலே கேட்டாள் அல்லவா. என் மகளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.