பத்தாம் நாள் ராணி

நாய்க்கு வைக்கிற பெயர் இரண்டெழுத்தில் முடிந்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். மணி, ராணி, டாமி. அதற்கு மேல் நீண்டால் கூப்பிடுகிறவருக்கும் அலுப்பு, நாய்க்கும் குழப்பம். குட்டி வாங்க வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். சின்ன வயதில் உனக்கும் சொல்லியிருக்கிறேன், சந்தியா.

உன் அப்பாவின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அம்மாவ தெருநாய் கடிச்சிதுன்னு சொல்றீங்களே மாமா, அத யாரு பாத்தாங்க?" என்று கேட்டாய். நீ நர்ஸ். நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவளுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று நான் எதிர்பார்த்ததுதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். எழுதித் தருவதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

யாரும் பார்க்கவில்லை. உன் அம்மாவைத் தெருநாய் எதுவும் கடிக்கவில்லை.

எலவனாசூர்கோட்டையில் எங்களுக்கு இருந்த காணி பங்காளிச் சண்டையில் போனபின் நான் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். கச்சிராயபாளையம் சாலையில், பின்னால் காலிமனை உள்ள ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. எனக்குத் தெரிந்தது நாய் மட்டும்தான். குட்டியை மூங்கில் கூடையில் மெத்தை போட்டு உட்காரவைத்து, கழுத்தில் வெல்வெட் பட்டையும் மணியும் கட்டி, கூடைக்கு ரிப்பன் சுற்றி, பிறந்தநாள் வீட்டுக்கும் புதுமனை வீட்டுக்கும் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரம். நாயைப் போய் எவன் சீர் வைப்பான் என்று ஊர் சிரித்தது. பிறகு மூங்கில்துறைப்பட்டு ஆலை அதிகாரி ஒருவர் மகளுக்கு வாங்கினார். அதைப் பார்த்து டாக்டர் வீடு வாங்கியது, நகைக்கடை வீடு வாங்கியது. வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடுவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை.

மெத்தையும் பட்டையும் தைத்துக் கொடுத்தது உன் அம்மா கொளஞ்சியம்மாள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். இடுப்பில் நீ இருப்பாய். "இன்னா அண்ணே, இத்தினி நாய்ங்களுக்கு ஆக்கிப் போடறீங்களே, நீங்க துன்னீங்களா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். இந்த ஊரில் என்னிடம் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அவள் வரும் நாட்களில் நான் காலையிலேயே சவரம் செய்துகொள்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கும், அதற்காகத்தான்.

ராணியை நான் கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்தேன். வெள்ளிமலைக்கு அப்பால் பிச்சைமுத்து என்பவர் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைகள். செம்மண் நிறம், நெஞ்சில் வெள்ளை. ஒன்றை எனக்குக் கொடுத்தார், மற்றதைக் காட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டார். ஊரில் நான் பரிசாகக் கொடுத்த குட்டிகளில் பாதிக்கு மேல் ராணி ஈன்றவை. அவளுடைய சிவப்புப் பட்டையை உன் அம்மா கூலி வாங்காமல் தைத்தாள். "இது என் பொண்ணுக்கு" என்றாள்.

எண்பத்தேழு ஆவணியில் கரும்புக் காட்டோரம் ராணியை ஒரு நரி கடித்துவிட்டது. பட்டப்பகலில், மனிதனைக் கண்டு ஓடாத நரி. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். புண் ஆறியது. யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்த சமயம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ், லாரி எதுவும் ஓடவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்துகொண்டிருந்தது. உன் அப்பா வீரமுத்து கச்சிராயபாளையம் சாலையில் மரம் போட்ட இடத்தில் இருந்தார். குத்தகைக் கரும்பை ஆலைக்கு வண்டியடித்துக்கொண்டிருந்த மனிதர். தன் பிள்ளையாவது நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்குமேல் அவருக்கு அரசியல் கிடையாது.

மறியலின் முதல் நாள் காலையில் உன் அம்மா மெத்தை கொடுக்க வந்தாள். ராணி எப்போதும் அவள் கையை நக்கும். அன்றைக்குக் குரைக்காமல், உறுமாமல் எழுந்துபோய் அவள் உள்ளங்கையைக் கடித்தது. "புள்ளத்தாச்சியா இருக்குமோ அண்ணே, அதான் கோவம்" என்று சொல்லி உன் அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டினார்கள். வெறிநாய்க்கடி மருந்து வெளியூரிலிருந்து வரவேண்டும், ரோடு திறந்தால்தான் வரும் என்றார்கள். கம்பவுண்டர் அவளிடம், "நாயக் கட்டிப்போட்டு பத்து நாள் பாரும்மா. உயிரோட இருந்திச்சின்னா ஊசியே வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் ராணி தண்ணீர் இறங்காமல் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். தாடை தொங்கிவிட்டது. அன்று கதவுக்கு வெளியே நின்று உன் அம்மா, "ராணி எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள். தூங்குகிறது என்றேன். ஐந்தாம் நாள் மத்தியானம் ராணி செத்துப்போனாள். முருங்கைக்குக் கீழே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். புதைக்குமுன் பட்டையை மட்டும் கழற்றிச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துக் காயப்போட்டேன்.

அன்றே உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். ஊசி போட நிறைய அவகாசம் இருந்தது. நான் யோசித்தது ராணியின் குட்டிகளைப் பற்றி. விஷயம் வெளியே போனால் டாக்டர் வீட்டிலும் ஆலை அதிகாரி வீட்டிலும் உள்ள குட்டிகளைக் கட்டையால் அடித்துக் கொல்வார்கள். வெறி என்றால் இந்த ஊருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். கழுத்தில் நான் கட்டிய பட்டையோடு அவை சாவதை நினைத்துப் பார்த்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மா பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் மலைக்குக் கிளம்பினேன். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து ஏறினேன். பிச்சைமுத்து காரணம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் ராணியின் உடன்பிறப்பைக் காலைக் கட்டிக் கூடையில் வைத்து, கோணி போர்த்தி, மறியல் மரத்தண்டை வந்து சேர்ந்தேன். உன் அப்பா ஓடி வந்தார்.

"இந்தாண்ட குடுங்க அண்ணே, நான் தூக்கறேன். இன்னா இவ்ளோ கனமா இருக்குது?"

"மலைநாய் ஒண்ணு. வியாபாரத்துக்கு."

"கொளஞ்சிக்கு கை ஆறிக்கினு வருது. ராணி நல்லாதானே இருக்குது?"

"நல்லா இருக்குது."

கூடையோடு சைக்கிளைத் தோளில் தூக்கி அவரே மரத்தைத் தாண்டி வைத்தார். "வெளிச்சம் இருக்கும்போதே வூட்டுக்குப் போய்டுங்க" என்றார்.

பத்தாம் நாள் ரோடெல்லாம் திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்துவிட்டதாக ஆள் அனுப்பிச் சொன்னார்களாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. உன் அம்மா பயந்துகொண்டேதான் கிளம்பியிருக்கிறாள், போகிற வழியில் நாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். புது நாய் சிவப்புப் பட்டையோடு வாசலில் கட்டியிருந்தது. அவளைப் பார்த்து வாலை இடுக்கிக்கொண்டு பின்னால் போனது.

"இன்னா அண்ணே, என்ன யாருன்னே தெரியாத மாதிரி போவுது? ராணிதானே இது?"

"கடிச்சிட்டோம்ன்ற வெக்கம் அதுக்கு" என்றேன்.

அவள் குனிந்து அதன் கழுத்தைத் தொட்டாள். பட்டையில் தன் தையலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது. "பதினாலு ஊசியிலேர்ந்து என்ன காப்பாத்திட்ட போ" என்று நாயின் தலையில் தட்டினாள். அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறமும் அவள் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் வேறெதையாவது பேசுவாள். அந்த இரண்டு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

கார்த்திகையில் அவளுக்குக் கையில் குறுகுறுப்பு வந்தது. பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்தது. மற்றதெல்லாம் நீ வேலையில் பார்த்திருப்பாய். மூன்று நாள். உன்னைப் பக்கத்தில் விடவில்லை. ஒருமுறை தெளிவாக இருந்தபோது என்னிடம், "அண்ணே, ராணி நல்லா இருக்குது இல்ல? அப்பறம் எனக்கு எப்பிடி?" என்று கேட்டாள். நல்லா இருக்குது என்றுதான் சொன்னேன்.

டாக்டரும் அதையே கேட்டார். கடித்த நாய் உயிரோடு இருக்கும்போது நோய் எப்படி வந்தது என்று. உன் அப்பா என்னைப் பார்த்தார். மறியல் நடந்த இடத்துக்குக் கொளஞ்சி அவருக்குக் கஞ்சி எடுத்து வந்தாளே, எச்சில் சோற்றுக்கு அங்கே தெருநாய்கள் கூடிக்கிடந்தனவே, ஏதாவது பல் பட்டிருக்கும், சின்னக் கீறல்தானே என்று விட்டிருப்பாள் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். உன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னாலதான் அண்ணே. நான் மரத்த வெட்டிப் போட்டுட்டு அங்க குந்திக்கினு இருந்ததாலதானே வந்தா" என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஊரில் தெருநாய்களை அடித்தார்கள். பட்டை இல்லாத நாயெல்லாம் அடி. குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன். நாய் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து பட்டை வாங்கிப் போனார்கள். உன் அம்மா தைத்து வைத்திருந்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாய்களை நேசிக்காதவனால் அப்படிப் பட்டினி கிடக்க முடியாது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். உன் அப்பா மறுபடி எந்தப் போராட்டத்துக்கும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒதுக்கீட்டு உத்தரவு வந்தபோது தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள், அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒதுக்கீட்டில்தான் உனக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து அழுதார். இரண்டாயிரத்து இருபதில் மறுபடி போராட்டம் என்று பையன்கள் கூப்பிட வந்தபோது, "நான் ஒருவாட்டி போனதே போதும்பா" என்று அனுப்பிவிட்டார். உன் அம்மா போனபின் மரம் வெட்ட அவர் அரிவாளைத் தொடவே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் என் வீட்டுக்கு வருவார். அந்த இரண்டாம் ராணி பதினோரு வருடம் இருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே, "நீ ஒரு தப்பும் பண்ணல" என்று அதனிடம் சொல்வார். உண்மைதான், அது ஒரு தப்பும் பண்ணவில்லை.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். சொன்னால் அவர் மனம் தாங்காது. அதனால்தான் சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். ராணி செத்ததை மறைத்தேன். வேறொரு நாயைக் காட்டி, ஊசி போடக் கிளம்பியவளைத் திருப்பி அனுப்பினேன். பழியை உன் அப்பாவின் தலையில் இறக்கிவைத்தேன். உன் அம்மாவைக் கொன்றது நான். போலீசில் கொடுப்பதானால் இந்தக் காகிதத்தையே கொடுக்கலாம், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நீ யோசித்துப் பார்க்க வேண்டும். முப்பத்துச் சொச்சம் வருடம் உன் அப்பாவை ஒரு சாயங்காலம்கூட நான் தனியாக விட்டதில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் அம்மா போனபின் நாம் மூன்று பேரும் ஒரே குடும்பமாகத்தானே இருந்தோம். இதைப் படித்துவிட்டு நீ வராமல் இருந்துவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு. சாப்பாடு இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ராசு மாமா