மருமகள்கள் வந்த வழி

லூர்துராணி: ...வீடு வீடாக் கேட்டு எழுதறது பராசரன் ஐயா வீட்டோட முடிஞ்சுதுங்க. வீதியில ஒரு வீடு பாக்கி இல்லை.

சௌரிராஜன்: எந்த வீதியைச் சொல்றே?

வேதவதி: நம்ம சித்திரை வீதிதான் அப்பா. நீங்க பந்தயம் கட்டின அதே வீதி.

சௌரிராஜன்: பந்தயம் கட்டினேனா?

வேதவதி: கட்டினேள். "உன் சிநேகிதி இந்த வீதியிலே அத்தனை ஆத்துலயும் பதில் வாங்கிண்டு வரட்டும், உன்னையும் மெட்ராஸுக்கு அனுப்பி அவ படிக்கற பூகோளத்தைப் படிக்க வெக்கறேன்"னேள். என்னை அனுப்பவே கூடாதுன்னு நிக்கற பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார். "நடந்தாப் பார்ப்போம்"னு சிரிச்சார்.

சௌரிராஜன்: சொல்லியிருப்பேன். வெறும் வயித்துலே என்ன பேசறேன்னு எனக்கே தெரியறதில்லே... ஆமாம் குழந்தே, நீ மேலப்புதூர் இருதயநாதன் வாத்தியார் பொண்ணுதானே? பூகோளம்னா மலை, சமுத்திரம். அடுத்தாத்து மாமி எந்த ஊர்ப் பொண்ணுன்னு கேக்கறது எந்தப் பூகோளம்?

லூர்துராணி: மானிட பூகோளங்க. மனுஷங்க எங்கேருந்து வந்தாங்க, ஏன் அங்கேருந்து வந்தாங்க... ஆளுக்கு ஒரு வீதி எடுத்துக்கச் சொன்னாங்க எங்க புரொபஸரம்மா. நான் இந்த வீதிக்கு வந்த மருமகள்களை எடுத்துக்கிட்டேன்.

சௌரிராஜன்: இவ அம்மா வந்த கதையைச் சொன்னாளோ?

வேதவதி: அப்பா, வேண்டாம்.

சௌரிராஜன்: கேக்கன்னு வந்தவளைச் சொல்லாமே அனுப்பறதா? பெருவெள்ளத்துலே என் மாமனார் வீடு அப்படியே மெதந்து வந்து, அம்மா மண்டபம் படித்துறையிலே தட்டி நின்னுது. ஒரு ஓடு நகரலே. அடுப்புலே சாத்தமுது கொதிச்சிண்டிருக்கு. இவ அம்மா எட்டிப் பார்த்து, "இது எந்த ஊர்"னா. ஸ்ரீரங்கம்னேன். அப்படியே இருந்துட்டா.

லூர்துராணி: ...இதை எழுதிக்கட்டுங்களா?

வேதவதி: எழுதாதேடி. அம்மா திருவையாறு. மாட்டு வண்டியிலே வந்தா.

லூர்துராணி: அதுதாங்க வேடிக்கை. மாமியாருங்க எல்லாம் ஆத்தங்கரை ஊரு. அன்பில், கோவிலடி, திருவையாறு. வண்டி கட்டினா பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரலாம். மருமகள்களைப் பார்த்தா திண்டுக்கல், விழுப்புரம், மதுரை. எல்லாம் ஸ்டேஷன் இருக்கிற ஊரு. ஆறு போட்ட வழியை ரயில் மாத்திடுச்சு.

சௌரிராஜன்: ரயிலா? அட!

வேதவதி: என்னப்பா?

சௌரிராஜன்: ஒண்ணுமில்லே. ஸ்டேஷன்லே டிக்கெட் குடுத்துக் குடுத்துக் கை தேஞ்சவன் நான். அத்தனை கல்யாணத்தையும் நான்தான் பண்ணி வெச்சிருக்கேன், ஒருத்தனும் வெத்தலைபாக்கு வெக்கலியே... அது கிடக்கட்டும். பராசரன் கூடவா கதவைத் திறந்தான்? சொந்தத் தம்பி வந்தாலே ஜன்னல் வழியாப் பேசறவன்.

லூர்துராணி: ஊஞ்சல்ல உக்கார வெச்சுக் காப்பி கொடுத்தாங்க. அவங்க அம்மா ஊரு, அம்மாவுக்கு அம்மா ஊரு, எல்லாம் சொன்னாங்க. கூடவே... பொண்ணு வைஜயந்தியோட நட்சத்திரமும்.

சௌரிராஜன்: நட்சத்திரமும் உங்க பூகோளத்துலே உண்டோ?

வேதவதி: ராணி, பேசாம இரு.

லூர்துராணி: மனசு கேக்கலைடி. ஐயா, எல்லா வீட்லயும் அப்படித்தாங்க. பொண்ணைப் பாட வெச்சாங்க. "பையன் எப்போ வரான்"னு கேட்டாங்க. எந்தப் பையன்னா, கண்ணைச் சிமிட்டினாங்க.

வேதவதி: கும்பகோணத்துலே யாரோ ஜட்ஜ் பிள்ளையாம். தரகன் பொய் சொல்லுவான், சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு சொல்ல மாட்டாள்னு பையனோட அம்மா இவளை அனுப்பியிருக்காளாம். வீதி பூரா இதே பேச்சு.

சௌரிராஜன்: இல்லைன்னு சொல்றதுதானே?

லூர்துராணி: முதல் ரெண்டு வீட்ல சொன்னேங்க. சொல்லச் சொல்ல இன்னும் நம்பினாங்க. அப்புறம்... சொல்லலை.

சௌரிராஜன்: அப்போ பூகோளத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லலே. வரனுக்குத்தான் சொல்லியிருக்கா.

வேதவதி: அதான் உங்ககிட்டே மறைச்சோம்... பந்தயம் போச்சாப்பா?

சௌரிராஜன்: ஊர்ப் பேரெல்லாம் நிஜமா, அதுவும் புளுகா?

லூர்துராணி: நிஜங்க. சம்பந்தம் பேசற இடத்துல யாரு ஊரை மாத்திச் சொல்லுவாங்க? பக்கத்து வீட்லயும் கேட்டுப் பார்த்துக்கிட்டேன். நடந்ததைப் புரொபஸரம்மாகிட்ட அப்படியே சொல்லத்தான் போறேன். நாளைக்கு வீடு வீடாப் போய், பையன் யாருமில்லைன்னு அவங்ககிட்டயும் சொல்லிடுவேன்.

சௌரிராஜன்: சொல்லு. காப்பியைத் திருப்பிக் கேக்க மாட்டா.

வேதவதி: ஆனா அந்தப் பையன் கதையை நாங்க கிளப்பலேப்பா. பெருமாள் சத்தியமா. யார் கிளப்பினான்னே தெரியலே.

சௌரிராஜன்: தெரியாமே என்ன? ஏகாதசி விடியக்காலையிலே, கொள்ளிடக் கரையிலே பராசரன் பல் தேய்ச்சிண்டிருந்தான், ஜட்ஜ் பிள்ளைக்குப் பொண்ணு பாக்க ஒருத்தி வரான்னு காதுலே போட்டேன். "வாக்குக் குடுத்துட்டேன், தோத்துட்டேன்"னு உன் பெரியப்பாகிட்டே சொல்ல எனக்கு ஒரு பந்தயம் வேண்டியிருந்தது. நான் தோக்கணும்னா இந்த வீதி கதவைத் திறக்கணுமே... அந்த இல்லாத பிள்ளையாண்டானை நாளைக்குப் பட்டாளத்துலே சேத்துடறேன். நீ பெட்டியைக் கட்டு.