கருப்புச் சட்டைக்காரரின் நோன்பு

உசேன்: கையை ஆட்டாத. குளுக்கோஸ் ஏறுது.

ராஜாங்கம்: நீ மொதல்ல அழுவுறத நிறுத்து. பக்கத்து பெட்காரரு நான் போயிட்டேன்னு நெனச்சுக்கப் போறாரு.

உசேன்: யாரு அழுதா... வேர்வைடா. துணி வெட்டிக்கினு இருந்தவன் கத்திரிக்கோலோட அப்படியே கவுந்தா? இந்தக் கதிர்காமம் ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ஆட்டோவுல உன் மூக்குல கை வெச்சுப் பாத்துக்கினே வந்தேன்.

ராஜாங்கம்: அதான் மூச்சு முட்டுச்சு.

உசேன்: வாய் மட்டும் கொறையல. ஈ.சி.ஜி. நல்லா இருக்குதாம். தலை ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லியாம். அப்பாடான்னு இருக்குதுடா.

ராஜாங்கம்: அப்ப கெளம்பு. பெருநாள் சட்டை நாப்பது வெட்டாம கெடக்குது.

உசேன்: இரு. டாக்டரம்மா இன்னொண்ணும் சொல்லிச்சு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு வயித்தைக் காயப் போட்டிருக்கே. இவரு நோன்பான்னு என்னைக் கேக்குது.

ராஜாங்கம்: நீ என்ன சொன்னே?

உசேன்: கருப்புச் சட்டைக்காரன், எந்தச் சாமியையும் விட்டு வெக்கமாட்டான்னு சொன்னேன். அப்புறம் உன் பையைப் பாத்தா... வீட்டுல கமலவேணி கட்டிக் குடுத்த சோறு அப்படியே இருக்குது. ஏண்டா?

ராஜாங்கம்: பசிக்கல.

உசேன்: ராஜாங்கம்...

ராஜாங்கம்: எதுத்தாப்புல நீ பட்டினியா மிஷின் மிதிக்கிறே. நான் மீன் கொழம்பைத் தொறந்து வெச்சா நல்லாவா இருக்கும்? கடவுள் இல்லேங்கறது வேற. உன் பசி இருக்குல்ல.

உசேன்: ஒரு மணிக்கு நான் பள்ளிவாசல் போறப்ப சாப்பிட்டிருக்கலாமே.

ராஜாங்கம்: நீ திரும்பி வர்றப்ப கடையெல்லாம் வாசனை அடிக்குமே. சாயங்காலம் நீ கஞ்சிக்குப் போனதும் சாப்பிட்டுக்குவேன்.

உசேன்: எத்தினி வருஷமா?

ராஜாங்கம்: மில்லு மூடி நாம தையக்கடை போட்டதிலேருந்து. வருஷத்துல ஒரு மாசந்தானே, விடு.

உசேன்: விடறதா... டேய், நான் மத்தியானம் பள்ளிவாசல் போறதில்லடா.

ராஜாங்கம்: ம்.

உசேன்: நோன்பும் வெக்கிறதில்ல. மூணு வருஷமாச்சு. ஒருநாள் தொழுதுக்கினு இருக்கச்சொல்ல, யாருகிட்ட பேசுறோம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்தது போவல.

ராஜாங்கம்: வீட்டுல நபீசா தங்கச்சிக்குத் தெரியுமா?

உசேன்: தெரியாது. அவ நம்பிக்கை அவளுக்கு, அதை நான் ஏன் கலைக்கணும்? விடியக்காலையில சஹர் சோத்துக்கு எழுப்புவா, கூட உக்காந்து சாப்பிடுவேன். ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கினு கோரிமேடு. அங்க ஓட்டல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர்க் கூட்டம், என்னை யாருக்கும் தெரியாது. ரெண்டு புரோட்டாவைத் தின்னுட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டு...

ராஜாங்கம்: ஆக, நீ மூணு வேளையும் தின்னிருக்கே. நோன்பு வெச்சது நானு.

உசேன்: சிரிக்காதடா, ஊசி கழண்டுரும்.

ராஜாங்கம்: எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா உனக்கு?

உசேன்: உங்கிட்டதான் முடியல. நாப்பது வருஷமா சரிக்குச் சரி வாதம் பண்ணியிருக்கேன். சொன்னா, பாய் தோத்துட்டாருன்னு நம்ம சாரம் ஏரியா முழுக்க தமுக்கு அடிச்சிருப்பே.

ராஜாங்கம்: அடிச்சிருப்பேனா?

உசேன்: ...மாட்டே. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இப்ப சொன்னப்புறம் நெஞ்சு லேசாயிருச்சு. நல்லா மூச்சு விடுறேன். ஏண்டா, நீ கொஞ்சங்கூட அசரலியே?

ராஜாங்கம்: போன வருஷ நோன்பு மாசத்துலயே தெரியும். மச்சானை பஸ் ஏத்த கோரிமேடு வந்தேன். நீ புரோட்டாவைப் பிச்சு சால்னாவுல ஊற வெச்சுக்கினு இருந்தே.

உசேன்: பாத்துட்டியா? பாத்துட்டுமா இந்த வருஷமும் பட்டினி கெடந்தே... எதுக்குடா?

ராஜாங்கம்: நான் டப்பாவைத் தொறந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ கண்டுபுடிச்சுருவியேடா.