கேமரா இல்லாத சைக்கிள்

தேக்காவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் அக்காளும் தங்கையும் கைப்பேசியில் உடற்பயிற்சி மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நைட்டியில ஓட்டலாமா?" என்றார் அக்கா.

"உங்க வீட்டுக்குள்ளதானே, ஓட்டுங்க! சுகர் ஏறுதுன்னு டாக்டர் திட்டுறாரு. ஜிம்முக்கு வெக்கம்னு வரமாட்டேங்கிறீங்க."

"ஓடுற மெஷின் வேணாம். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க."

"அப்ப வைஃபை சைக்கிள் லா. நீங்க கிளமெண்டி வீட்டுல மிதிங்க, நான் செங்காங் வீட்டுல மிதிக்கிறேன். யாரு முன்னால போறாங்கன்னு ஸ்கிரீன் காட்டும்."

"என் நைட்டியையும் காட்டுமா?"

"இதுல கேமரா இல்லக்கா. பேரு மட்டும்தான் தெரியும். நான் முந்தினா மாமாகிட்டயே சொல்லுவேன்!"

"நீ? என்னையா?" அக்கா சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வாங்குடி. இப்பவே ஆர்டர் பண்ணு!"