கடைசி ஆளின் விசில்

ஓட ஆரம்பிக்கிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் கால் வீங்கும். கச்சிதமாக இருக்கிறதே என்று வாங்கினால் நகம் கறுத்து விழும். இரண்டாவதாகச் சொல்வது, தனியாக ஓடாதீர்கள், ஒரு குழுவில் சேருங்கள். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன் சார். குழுவில் சேர்ந்திராவிட்டால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். கண் பரிசோதிப்பவர் முன்னால் இருப்பார். சீட்டு ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே வரும், தேய்த்த லென்ஸ் அதே ஜன்னல் வழியாக வெளியே போகும். இந்த ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்த கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள், என்னைத்தான் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் மனைவி இல்லை. மகளின் பிரசவத்துக்கு உதவியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பேரனுக்கு இப்போது ஆறு வயது. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான்.

குழுவில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்மணி என் முதுகில் தட்டி, வாங்க வாங்க என்றார். அவர்தான் கோச்சம்மா. பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் தட்டிய இடம் சாயங்காலம் வரை கதகதவென்று இருந்தது. சிரிக்காதீர்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட ஓட்டம் என்றால் எல்லாரும் போனை வேனிலேயே போட்டுவிட வேண்டும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும் என்பது கோச்சம்மாவின் சட்டம். கடைசியாக ஓடுபவரிடம் மட்டும் போன், முதலுதவிப் பை, விசில் மூன்றும் இருக்கும். வழி காட்டப் புதர்களில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே அவர் வருவார். அவர் வந்து, பின்னால் யாரும் இல்லை என்று சொன்னால் ஓட்டம் முடிந்தது. தலை எண்ணுவது கிடையாது. முன்பு எண்ணினார்களாம். பாதி வழியில் பஸ் ஏறிப் போய் வீட்டில் குறட்டை விடுபவர்களைத் தேடித் தேடி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நான் சேர்ந்த ஆறாவது மாதத்திலிருந்து கடைசி ஆள் நான்தான். அந்தப் பதவிக்கு யாரும் போட்டி போடவில்லை.

கடைசி ஆளுக்கு ஒரு லாபம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் அவனோடுதான் வந்தாக வேண்டும். ஆனால் மூன்று மாதத்தில் தேறி முன்னால் போய்விடுவார்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்டெப்னி மட்டும் இரண்டு வருடம் என்னோடு இருந்தான். லாரி டிரைவர். இடுப்பைச் சுற்றி உபரி டயர் மாதிரி இருந்த அவன் தொப்பையைப் பார்த்துக் குழு வைத்த பெயர் அது. வாய் ஓயாது அவனுக்கு. இஞ்சின் கோளாறு, மாமியாரின் முட்டிவலி, மகளுக்குப் பல் விழுந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. "நீங்க சும்மா 'ம்' போடுங்கண்ணே, எனக்கு அது போதும்" என்பான். நான் 'ம்' போட்டேன். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன்.

எண்பது கிலோமீட்டர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது. அவனுக்கு அட்டவணை போட்டுக்கொடுத்ததே நான். சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர், அதே களைத்த காலோடு ஞாயிறு இருபது. மேட்டில் நட, இறக்கத்தில் ஓடு, பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிடு. சொன்னதையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் செய்தான். தொப்பை கரைந்தது. ஒரு நாள் கோச்சம்மா எல்லார் முன்னாலும் அறிவித்தார், அடுத்த வாரத்திலிருந்து ஸ்டெப்னி முன்வரிசையோடு ஓடுவான் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நீங்க போட்ட பிச்சைண்ணே" என்றான். விட்டுப் போகிறோமே என்று அவன் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அந்த ஞாயிறு நாற்பது கிலோமீட்டர். கடைசியாக ஒருமுறை உங்களோடு வருகிறேன் என்று அவனாகத்தான் பின்னால் வந்தான். இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில், கைவிடப்பட்ட கல்குவாரி ஓரத்தில், அவன் கணுக்கால் மடங்கியது. ஊன்ற முடியவில்லை. பாறை நிழலில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டேன். கட்டு நன்றாகவே போட்டேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு சிக்னல் இல்லை என்றேன். இருந்தது. அவன் பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் மிச்சமிருந்தது. நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று அதையும் வாங்கிக்கொண்டேன். ஏதாவது என்றால் ஊது என்று விசிலை அவன் கழுத்தில் மாட்டினேன்.

"சீக்கிரம் வந்துடுங்கண்ணே. பேச ஆள் இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக இருப்பது என்றால் என்ன என்று அவனுக்கும் ஒரு முறை தெரியட்டும் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்று எனக்குள் கணக்கு வைத்தேன்.

ஓட்டம் முடியும் இடத்தில் கோச்சம்மா தாளோடு நின்றிருந்தார். "பின்னாடி யாராவது உண்டா?"

"யாரும் இல்ல. ஸ்டெப்னி தெரிஞ்ச லாரியில ஏறிப் போயிட்டான்."

ஓட்டம் முடிந்தது என்று அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார். அவன் பையையும் போனையும் நானே கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுத்து, அதையே சொன்னேன். லாரிக்காரன் மனைவி ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. அவளுக்கு அது பழக்கம்.

பிறகு ஸ்கூட்டரில் திரும்பிப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பாட்டில் நிறையத் தண்ணீர், இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டுதான் போனேன். உச்சி வெயில். குவாரி வளைவுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தியபோது விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை ஊதுவான், நிறுத்துவான், மறுபடி மூன்று. நடுவில் "அண்ணே" என்று கூப்பிட்டான். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன். என் ஆயுளில் யாரும் என்னை அவ்வளவு நேரம் கூப்பிட்டதில்லை சார். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும், போகலாம் என்று நினைப்பேன். கூப்பிடுவான். இன்னும் ஒரு தடவை என்று நினைப்பேன். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது.

அப்புறம் கல் சரிகிற சத்தம். குவாரியின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. தாகம் பொறுக்காமல் அதை நோக்கித் தவழ்ந்திருக்கிறான். சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விளிம்பில் நின்று பார்த்தேன். தண்ணீருக்கு மேல் ஒரு கை இரண்டு தடவை அசைந்தது. கீழே இறங்க வழி இருந்தது, நான் இறங்கவில்லை. போனும் இடுப்பில்தான் இருந்தது. வாழைப்பழங்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நிலம் அளக்க வந்தவர்கள் பார்த்தார்கள். கால் மடங்கியது, கட்டுப் போட்டுவிட்டேன், தெரிந்த லாரி நிற்கிறது என்று நொண்டிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனான், நானும் நம்பிவிட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் என்னை நம்பினார்கள். அதுமட்டுமில்லை, துக்கத்தில் நான் ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயந்து, குழு முறை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது. விடிந்ததும் கதவு தட்டும். இரண்டு பேர் நிற்பார்கள். என்னோடு ஓடுவார்கள், என் வேகத்தில். அவன் மனைவிகூட ஒரு நாள் வந்து, "அவர் வீட்டுல உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருப்பார்ண்ணே" என்று அழுதாள். ஐம்பது நாள் சார். ஒரு நாள்கூட நான் தனியாக ஓடவில்லை. குழுவில் சேர்வதால் என்ன பலன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது யாரும் வருவதில்லை. அவரவருக்கு வேலை வெட்டி இருக்கும், குறை சொல்லவில்லை. நீங்களும் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். கடைசி ஆளின் விசில் அவன் கழுத்துக்கு எப்படிப் போனது என்று ஒருவர்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்க வருவீர்கள் என்று பல நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வரவில்லை என்றதும் நானே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மைதான்.

எழுதுவதற்கு ஒன்றும் அவசரமில்லை. சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. நாளைக்கும் நீங்கள்தானே வருவீர்கள்? பதில்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா 'ம்' போட்டால் போதும்.