திரும்பி நடக்கும் யானை

“கரை பூரா யானைங்க ஒழுங்கா நடக்குது. நீ அந்த ஒண்ணைத்தான் காட்டுவேன்னு அடம் பிடிக்கிற.”

சின்ன காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறியதும் முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்தது. உடனே இயர்போனைக் கழற்றிவிட்டேன். பேசியவர் தறி நெய்கிறவர். பக்கத்தில் மனைவி, அவர் மடியில் மஞ்சள் பையில் யானைக் கரை போட்ட ஒரு பட்டுப் புடவை. மகள் பள்ளியில் இன்று பெற்றோரும் தங்களுக்குப் பிரியமான ஒரு பொருளைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன்னால் காட்டிப் பேச வேண்டுமாம்.

“அங்க வர்றவங்கள்ல பாதி பேரு தறிக்காரங்கமா. பார்த்ததுமே தெரிஞ்சிடும், தறியில டிசைன் அட்டையைப் பின்பக்கமா ஓட்டிட்டேன்னு. அதான் ஒரு யானை திரும்பிக்கினு நிக்குது.”

“தெரியட்டுமே.”

“முதலாளி வேணாம்னு தள்ளின புடவை அது.”

“தள்ளினதாலதான் எனக்குக் கல்யாணப் புடவையாச்சு. இல்லன்னா எவளோ கட்டிக்கினு போயிருப்பா.”

பள்ளி நிறுத்தம் வந்தது. கணவர் எழுந்து பையைத் தானே வாங்கிக்கொண்டார்.

“அந்த யானை ஏன் திரும்பிச்சுன்னு பசங்க கேட்டா இன்னா சொல்லுவ?”

“நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க, என்னைப் பொண்ணு பார்த்துட்டு வந்து தறியில உக்காந்த அன்னிக்கு நெய்ஞ்சதுன்னு.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கியதில் நடத்துநரிடம் மீதிச் சில்லறை வாங்க மறந்துவிட்டார்.