நிலாத் தண்ணீரை அறிவித்த நீலாயதாட்சி அம்மையாருக்கு

வரைபலகையில் வாய்க்காலையும் வான்வெளியில் நதியையும் ஒரே கையால் வரைந்தவரே, இசைக்குள் கதை விதைத்துக் கதைக்குள் இசை அறுத்தவரே, ஆலங்கரை நீர்ப்பாசனப் பிரிவின் இளநிலை வரைதொழில் அலுவலராக இன்று பணிநிறைவு பெறும் நீலாயதாட்சி அம்மையாரே, வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் அம்மையார் “போதும் விடுங்க” என்று எழுந்து போய்விடுவார். ஆகவே இந்த மடலை அவையோருக்குச் சொல்வதாக எழுதியிருக்கிறோம். அவர் காதைப் பொத்திக்கொள்ளலாம். நாற்காலியை விட்டு மட்டும் எழக் கூடாது.

நாகப்பட்டினத்து மீனவர் வீட்டில் பிறந்து, நெல் விளையும் பூமிக்கு வாய்க்கால் வரைய வந்தவர் இவர். அலுவலகத்தில் அளவு பிசகாத கோடு. வீட்டில் ஒரு கீபோர்டும் அடங்காத கற்பனையும். இன்னும் பிறக்காத நூற்றாண்டுகளைப் பற்றிக் கதை எழுதுவார். ஒவ்வொரு கதைக்கும் தானே மெட்டமைப்பார். மெட்டு அமையாத உலகத்தில் ஒரு மனிதரைக்கூடக் குடியேற்ற மாட்டார். மோகன ராகம் சரியாக வரவில்லை என்று ஒரு கோளையே கிழித்துப் போட்டவர். சாப்பாட்டு வேளையில் அந்தக் கதைகளைக் கேட்டு எங்கள் சாம்பார் ஆறிப்போன நாட்கள் ஏராளம்.

அவருடைய பெரிய கதையில் நிலாவில் ஓர் அணை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயலை நனைத்துவிட்டு, பிறகுதான் தலைமடைக்கு ஏறி வரும். கடைமடைக்காரர்களின் மனுக்களைப் படித்துப் படித்து, இப்படியும் ஓர் உலகம் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டார். அதற்கு ஒரு பாட்டுக் கட்டினார். பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பைத் தன் குரலிலேயே பதிவு செய்தார்.

கணீரென்ற குரல் என்பதால் பிரிவின் வெள்ள அறிவிப்புகளையும் அவரையே பேசவைப்பது எங்கள் வழக்கம். வினை அங்கேதான் வந்தது. ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்த ஒரு காலையில், ஓட்டுநர் ரெத்தினம் மேசைமேல் கிடந்த இரண்டு பென் டிரைவில் ஒன்றை எடுத்து ஜீப்பில் செருகிக்கொண்டு கரையோரம் போனார். “நிலா அணையிலிருந்து இன்று தண்ணீர் திறக்கப்படுகிறது. கரையோர மக்கள் ஆடு மாடுகளுடன் மேட்டுக்குச் செல்லவும்” என்று ஒலிபெருக்கி முழங்கியது. குரல் அம்மையாருடையது; யார் சந்தேகப்படுவார்கள்? பாதி ஊர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேடேறியது. என்ஜின் சத்தத்தில் ரெத்தினத்துக்குச் சொல் எதுவும் விளங்கவில்லை. பாட்டு தொடங்கிய பிறகுதான் பதறிப்போய்ப் பாதியில் நிறுத்தினார். அதற்குள் கடைமடை விவசாயி காளியம்மாள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். “சார், நெலாத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு எத்தன மணிக்கு வரும்?”

சிரிப்பு அடங்குமுன் விசாரணை வந்தது. ரெத்தினம் அப்போது தற்காலிகப் பணியாளர். பெயரை எழுதினாலே வேலை போய்விடும். “அவரு மேல எழுதாதீங்க சார். கொரலு என்னுது, பென் டிரைவ அங்க வச்சதும் நான்தான்” என்றார் அம்மையார். ரெத்தினத்தின் வேலை தப்பியது. அம்மையாரின் பதவி உயர்வு தப்பவில்லை. அதற்காக அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. ஆனால் அன்றோடு கீபோர்டை மூடிவிட்டார், கதையும் நின்றது. எங்களுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவையோரே, அந்தப் பாதிப் பாட்டைக் கரையில் யாரோ போனில் பிடித்து வைத்திருந்தார்கள். போன சம்பா நடவில் காளியம்மாளும் உடன் நட்ட பெண்களும் அதைத்தான் பாடினார்கள். பாட்டு அறுந்த இடம் வந்ததும், மறுபடி முதலிலிருந்து. இந்த விழாவுக்கு அழைக்கப் போனவர்களிடம் காளியம்மாள் கேட்டது இது: “மீதிப் பாட்ட அந்தம்மா எப்பத் தருவாங்க? வெறும் வாயோட எத்தன வருசம் நடுறது?”

அம்மையாரே, இனி உங்களிடமே பேசுகிறோம். நாளை முதல் உங்களை விசாரிக்க மேலதிகாரி எவரும் இல்லை. காளியம்மாள் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பதில் வாங்காமல் பஸ் ஏற மாட்டாராம். உடல் நலத்தோடும் உள்ளக் களிப்போடும், விரல் ஓயாமலும் வியப்பு ஓயாமலும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உங்களால் நாங்கள் நிமிர்ந்து நின்றோம். உங்கள் பாட்டு நின்றுபோனதில் எங்களுக்கு உண்மையாகவே வருத்தம். கடைமடையில் நாற்று பறிக்கத் தயாராகிவிட்டது. பாட்டைத் தாருங்கள்.

அன்பு மாறாத
ஆலங்கரை நீர்ப்பாசனப் பிரிவுப் பணியாளர்கள்

இம்மடலை வாசிக்கும் உரிமையைச் சண்டை போட்டு வாங்கியவர்:
ரெத்தினம், நிரந்தர ஓட்டுநர்